மைனஸ் பதினைந்து மைக்ரான்

"பெயிண்டு ஏறியிருக்கா இல்லையான்னு பாக்க ரெண்டு கண்ணு பத்தாதா? அதுக்கு ஒரு மெசினு, அந்த மெசினுக்கு ஒரு புள்ளையா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெயிண்ட் பிரிவின் மேஸ்திரி இதை என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கும்படி, பெயிண்டைச் சுட்டு இறுக்கும் ஓவனைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஃபிட்டர் சிரித்தார். நான் கையிலிருந்த கருவியின் பொத்தானை அமுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். கருவியை அன்றைக்கு இன்னும் ஆன் செய்யவே இல்லை.

அது 2006. தேனியிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில் இருந்த பட்டறை. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, பவுடர் கோட்டிங் அடித்து பீரோவும் லாக்கரும் செய்தோம். இருபது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பெண்கள் இரண்டு பேர்: கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர், நான் ஒருத்தி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் வைத்துப் பார்ப்பேன், சரியாக வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார்.

என்னை எடுத்ததற்குக் காரணம் கட்டப்பனையில் இருந்தது. எங்கள் பீரோவில் பாதிக்கு மேல் மலை ஏறிக் கேரளாவுக்குத்தான் போகும். அங்கே மழையும் பனியும் அதிகம், பெயிண்ட் மெலிதாக இருந்தால் ஒரே வருடத்தில் துரு கிளம்பிவிடும். அப்படி இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட கட்டப்பனைக் கடைக்காரர், மூன்றாவது லோடு வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கதவில் வைத்துப் பார்த்திருக்கிறார். "இது போரா" என்று சொல்லி லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். போதாது என்பதற்கு அவர்கள் சொல் அது. குறைந்தது அறுபது மைக்ரான், கூடினால் தொண்ணூறு, இதற்குள் இருந்தால்தான் இறக்குவேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். முதலாளி அதே போன்ற கருவியை வாங்கினார். வாங்கிய பிறகுதான் அதை வைத்து எழுதிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியது.

கருவி கைக்குள் அடங்கும். அதிலிருந்து ஒரு ஒயர் வரும், ஒயரின் முனையில் விரல் நீளத்தில் ஒரு மூக்கு. மூக்கைப் பெயிண்டின் மேல் நேராக வைத்தால் திரையில் எண் வரும். உள்ளே நடப்பது காந்த வேலை. மூக்குக்கும் இரும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நடுவில் இருப்பது பெயிண்டா, காகிதமா, அழுக்கா என்று தெரியாது. அதனால் தினமும் காலையில் பெயிண்ட் இல்லாத இரும்பில் வைத்து, இதுதான் பூஜ்யம் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே கருவியோடு ஒரு வட்டமான இரும்புத் துண்டு வந்தது. பட்டறையில் எல்லோரும் அதைக் காசு என்றார்கள். பூஜ்யம் வைத்தபின், ஐம்பது என்று அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் தாளைக் காசின் மேல் போட்டு அளப்பேன். ஐம்பது என்று வந்தால் கருவி சரி.

மைக்ரான் என்றால் என்ன என்று மேஸ்திரி கேட்டபோது, ஒரு தலைமுடியின் தடிமன் அறுபது எழுபது மைக்ரான் வரும் என்று சொன்னேன். அவர் நெற்றிக்கு மேலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, இங்கன பாருங்கடா. இந்த ஒத்த முடிக்குத்தான் கட்டப்பனையில இருந்து லாரி திரும்பி வந்துச்சாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பவுடர் அடிக்கும் துப்பாக்கியைப் பிடித்து அப்போதே பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

என் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் மணி ஆறு அடிப்பதற்கு முன்பே அம்மா ஜீப் ஏறிவிடுவார், கம்பம் மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு. அப்பா அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர். இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் போனது எனக்குச் சேர்க்கை போட்ட அன்றுதான், பெருவிரலில் மை வைக்க. பாலிடெக்னிக்கில் சேர்த்தபோதும் அதே பெருவிரல்தான். பட்டறையில் என் வேலையின் கடைசிப் பகுதி, அளந்த எண்களைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, சரியாக இருக்கும் ஒவ்வொரு பீரோவின் கதவுக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டி, அதில் கையெழுத்துப் போடுவது. முதல் வாரம் ஒரு சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஜீப்புல நெரிபட்டு மலைக்குப் போறேன். உங் கையெழுத்து பீரோவுக்குள்ள உக்காந்து லாரியில போகுதாக்கும்."

அந்த வாரத்திலிருந்து கையெழுத்தைச் சுருக்கிப் போடுவதை விட்டுவிட்டேன். முழுப் பெயரையும் எழுதினேன்.

மேஸ்திரியின் கேலி இரண்டு மாதம் ஓடியது. அது குறைந்ததற்குக் காரணம் பீரோவின் மூலைகள். கதவின் நடுவில் எழுபது வந்தது, உள்மூலைகளில் முப்பத்தைந்துதான் வந்தது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்தான். மூலைக்குள் பவுடர் போக மறுக்கும் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் பாதிக்குப் பாதி என்று அவர் நினைத்திருக்கவில்லை. நான் எண்களைச் சாக்பீஸால் அந்தந்த இடத்திலேயே எழுதிவிட்டு நகர்ந்துகொண்டேன். மறுநாள் அவர் துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து, காற்றைக் குறைத்து, மூலைகளை முதலில் அடித்துவிட்டுப் பிறகு நடுவுக்கு வந்தார். மூலையில் அறுபத்திரண்டு. அவராகவே வந்து, "எவ்வளவு வருது?" என்று கேட்டார். சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கட்டப்பனையிலிருந்து லாரி திரும்பவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, கட்டிங் மெஷின், வெல்டிங் செட், கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நான் வேதக்கார வீட்டுப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பொரியும் சுண்டலும் வாங்கித் தின்பேன், பூஜையில் முன்னால் போய் நின்றதில்லை. ஓரமாக நின்றிருந்த என்னை மேஸ்திரிதான் கூப்பிட்டார்.

"ஏத்தா, உன் மெசினையும் கொண்டா. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. முதல் நாள் அவர் ஓவனைப் பார்த்துச் சொன்னது மறக்கவில்லை. பெட்டியோடு கொண்டுபோய்க் கம்ப்ரசருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் வைத்தேன். அவர் சந்தனத்தைத் தொட்டுக் கருவியின் மூக்கை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

"அண்ணே, மூக்குல மட்டும் வைக்காதீக. கெட்டுப்போகும்."

"அப்ப எங்கன வைக்க?"

நான் காசை எடுத்து நீட்டினேன். அவர் அதன் நடுவில், சரியாக நடுவில், ஒரு பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் காலையில் காசை எடுத்துப் பழைய பனியன் துணியால் துடைத்தேன். குங்குமம் போனது, சந்தனம் போனது. காசு பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. அதன் மேல் மூக்கை வைத்துப் பூஜ்யம் கொடுத்தேன். பிளாஸ்டிக் தாளைப் போட்டேன். ஐம்பது. கருவி சரி.

அந்த வாரக் கடைசிக்குள் கட்டப்பனைக்கு நாற்பது பீரோ போக வேண்டும். காலையில் ஓவனிலிருந்து இறங்கிய பதினான்கை அளந்தேன். பதினொன்றில் அறுபது வரவில்லை. ஐம்பத்தைந்து, ஐம்பத்துமூன்று, ஐம்பத்தேழு. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதே துப்பாக்கி, அதே பவுடர், அதே கை, எப்படிக் குறையும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் எண் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை தாளைப் போட்டும் காட்டினேன். ஐம்பது என்றே வந்தது.

"மெசின் பொய் சொல்லாதுண்ணே," என்றேன்.

அப்போது என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் படிக்காதவரிடம் படித்தவள் பேசுகிற குரல்.

முதலாளி வந்தார். கருவியை வாங்கியவர் அவர், அதனால் கருவியின் பக்கம் நின்றார். லீவு விட்டு வந்தால் கை மந்தமாகிவிடுமா என்று எல்லோர் முன்னாலும் மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி துப்பாக்கியைக் கையில் எடுத்தார். பதினொன்றையும் மறுபடி தொங்கவிட்டு, மேலே இன்னொரு கோட் அடித்து ஓவனுக்குள் தள்ளினார். அன்றைக்கு முழுக்க என் பக்கம் அவர் திரும்பவில்லை. பின்னால் வந்த பீரோக்களுக்குத் துப்பாக்கியை இன்னும் கிட்டத்தில் பிடித்து, கூடுதலாகவே அடித்தார். அவை அறுபத்தைந்திலிருந்து எண்பது வரை காட்டின. நான் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஃபிட்டிங்கில் தகராறு தொடங்கியது. இரண்டு கோட் வாங்கிய பீரோக்களில் கதவு பொருந்தவில்லை. இடுக்கில் உரசியது, பூட்டின் நாக்கு துளைக்குள் போகவில்லை. ஃபிட்டர் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மொத மொத மாமியா வீட்டு வாசலுக்கு வந்த மருமக மாதிரி, உள்ள வரமாட்டேன்னு நிக்கிது," என்றார். முதலாளிக்குச் செய்தி போனது. மேஸ்திரிக்கு ஒருநாள் மெலிதாக வருகிறது, ஒருநாள் தடித்துப்போகிறது, இப்படிப் போனால் மதுரையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான் என்று அவர் ஆபீஸ் அறையில் போனில் யாரிடமோ சொன்னது வெளியே எல்லோருக்கும் கேட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போனபிறகு நான் கருவியோடு ஃபிட்டிங் பக்கம் போனேன். எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்து எழுதத்தான் போனேன். நூற்று இருபத்தைந்துக்கு மேல் காட்டியது. உரசிய கதவு ஒன்றில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து வெறும் இரும்பு பளபளத்தது. ஏன் என்று தெரியாது, மூக்கை அந்த இடத்திலும் வைத்தேன்.

மைனஸ் பதினைந்து.

மறுபடி வைத்தேன். மைனஸ் பதினான்கு. மறுபடி. மைனஸ் பதினைந்து. பெயிண்ட் இல்லாத இடத்தில் பூஜ்யம் வரலாம். பூஜ்யத்துக்கும் கீழே வர முடியாது. இந்த இரும்பு, நான் காசில் காட்டிக்கொடுத்த இரும்பைவிட மூக்குக்குப் பதினைந்து மைக்ரான் கிட்டத்தில் இருக்கிறது என்று கருவி சொல்கிறது. அப்படியானால் காசின் மேல் ஏதோ இருக்கிறது.

காசை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்தால் நடுவில் ஒரு மங்கல் வட்டம். நகத்தால் சுரண்டினேன். நகத்துக்குள் வெளிர்மஞ்சளாக மாவு வந்தது, முகர்ந்தால் சந்தனம். நான் துடைக்கவில்லை, பனியன் துணியால் அதை மெழுகியிருக்கிறேன். அந்த மெழுகலின் மேல் வைத்து இதுதான் பூஜ்யம் என்று சொன்னேன். தாளையும் அதே மெழுகலின் மேல் போட்டேன், அதனால்தான் ஐம்பது ஐம்பதாகவே வந்தது. ஐம்பத்தைந்து என்று நான் தள்ளிய பீரோக்கள் எல்லாம் எழுபது. மேஸ்திரியின் கை என்றைக்கும் போலத்தான் இருந்திருக்கிறது.

காசைத் தின்னர் ஊற்றித் துடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூஜ்யம் வைத்தேன். வெறும் இரும்பில் பூஜ்யம் காட்டியது. இனி எல்லாம் சரியாக வரும். மரத்தடியில் இருந்தவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. சொன்னால் முதல் நாள் மேஸ்திரி சொன்னதை நானே நிரூபித்ததாகிவிடும்: கண் சரியாகத்தான் பார்த்தது, மெஷினும் புள்ளையும்தான் தப்பு. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. சந்தனத்தால் வந்தது என்று நான் சொன்னால், அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லாவிட்டால் மதுரையிலிருந்து ஆள் வருவார். பதினெட்டு வருடம் துப்பாக்கி பிடித்த கை மந்தமாகிவிட்டது என்பது பட்டறையில் நிலைத்துவிடும். அதற்குச் சாட்சியாக என் முழுப் பெயரும் பதிவேட்டில் இருக்கும்.

முதலாளி அறைக்குப் போகாமல் நேராக மேஸ்திரியிடம் போனேன். உரசிய கதவிடம் அவரைக் கூட்டிவந்து, நடந்ததைச் சொன்னேன். நகத்தையும் காட்டினேன். ஃபிட்டர் உட்பட நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். முதலாளியும் வந்துவிட்டார். மேஸ்திரி காசை வாங்கி உள்ளங்கையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்.

"வேதக்காரப் புள்ளைல்ல," என்றார் ஃபிட்டர் மெதுவாக. "பூசையக் கொற சொல்லத்தானே செய்யும்."

மேஸ்திரி நிமிர்ந்தார்.

"பொட்டு வச்சது நானு. ஒழுங்காத் தொடைக்காதது அது. சாமிக்கு இதுல என்னடா சோலி?"

ஃபிட்டர் சுத்தியலை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். முதலாளி என்னைப் பார்த்து, நீயாகத்தான் கண்டுபிடித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை பீரோ கெட்டது என்றார். பதினொன்று என்றேன். அது போக, நேற்றைக்கும் இன்றைக்கும் நான் கையெழுத்துப் போட்டவற்றையும் திரும்ப அளக்க வேண்டும், எண்கள் எல்லாம் பதினைந்து குறைவாக எழுதப்பட்டிருக்கின்றன என்றும் சொன்னேன். அவர் உரசிய கதவைத் தள்ளிப் பார்த்தார். ஆறு மாதம் என்றது இனி ஒன்பது மாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. மதுரைக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை.

மேஸ்திரி காசை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மனுசனுக்குப் பொட்டு வச்சா மப்பு ஏறும். மெசினுக்கும் ஏறும்போல."

அன்று மாலை எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். நான் எண்பதுக்குள் என்று எழுதியிருந்ததில் ஐந்து தொண்ணூறைத் தாண்டின, அவற்றின் சீட்டைக் கிழித்தேன். கட்டப்பனை லோடு நான்கு நாள் தள்ளிப் போனது, முதலாளி போனில் பேசி வாங்கிய அவகாசம் அது. இரண்டு கோட் வாங்கிய பதினொன்றையும் மேஸ்திரி ஓரங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கதவைப் பொருத்திக் கொடுத்தார். அவை மலை ஏறவில்லை, தேனிக் கடைகளுக்கே போயின. பதிவேட்டில் அந்த இரண்டு நாள் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் எழுதினேன்: 'பூஜ்யத் தகட்டில் சந்தனப் படிவு இருந்தது. சரியாகத் துடைக்காமல் பூஜ்யம் வைத்தது என் தவறு. எல்லா அளவுகளும் பதினைந்து மைக்ரான் குறைவு. மீண்டும் அளந்த எண்கள் கீழே.' அதன் கீழ் முழுப் பெயர்.

காலையில் தாளை மட்டும் நம்புவதையும் அன்றோடு விட்டேன். பெயிண்ட் அடிக்காத தகட்டுத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். எண்ணெயைத் தின்னரால் துடைத்துவிட்டு அதிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பேன். காசில் பூஜ்யம், தகட்டில் பூஜ்யம், இரண்டும் ஒத்துப்போனால்தான் பீரோவைத் தொடுவேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மேஸ்திரி என் கருவியின் பெட்டி மூடியில் பொட்டு வைத்தார். வைத்துவிட்டு, "இங்கன வச்சா குத்தமில்லையே?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். வருடா வருடம் கேட்கிறார்.

ஒன்பது மாதம் முடிந்து நிரந்தரம் ஆனது. நான்கு வருடம் ஓடிவிட்டது. இப்போது ஆண்டிபட்டிப் பக்கம் எங்கே பார்த்தாலும் காற்றாலை. அதன் கோபுரங்களுக்கு அடிக்கும் பெயிண்ட் மூன்று அடுக்கு, எங்கள் பீரோவைப் போல நான்கைந்து மடங்கு தடிமன். அதைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று போன மாதம் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. செய்த வேலைக்குச் சான்று ஏதாவது இணைக்கச் சொல்லியிருந்தார்கள். டிப்ளமோ சான்றிதழையும், முதலாளியிடம் கேட்டு வாங்கிய அந்தப் பதிவேட்டுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதில் தப்பு என்று சிவப்பில் எழுதியிருக்கிறதே, வேறு பக்கம் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். இதுதான் என்றேன். சிவப்பு, நகலில் கறுப்பாக விழுந்தது. எழுத்து தெளிவாக இருந்தது.

இரண்டு நகல்களையும் விண்ணப்பத்தோடு வைத்து, உறையை ஒட்டி, திங்கட்கிழமை தேனி தலைமை அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.